14 பேர் வேலை செய்தால் அது ஃபேக்டரி இல்லையா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். கருங்கல் பக்கத்தில் சின்னதாக ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கிற இடம், நடத்துகிறேன். வெட்டுகிற மெஷின் மூன்று, எல்லாம் கரண்டில் ஓடுவது. நிரந்தரமாக 14 பேர், அதில் 12 பேர் பெண்கள். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் கூடும்போது மட்டும் ஏழு பேர் கூடுதலாக வருவார்கள். போன மாதம் ஒரு பெண்ணுக்கு மெஷினில் இடதுகை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்துவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இன்னும் பெயர் சேர்க்கவில்லை. புதிய சட்டப்படி 20 பேருக்குக் கீழே இருந்தால் ஃபேக்டரியே கிடையாது, லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டாம், விபத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார் கணக்குப் பார்க்கும் தம்பி. வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் வந்தது. சட்டம் அடிக்கடி மாறுகிறது, என்னைப் போன்றவர்கள் எப்படித்தான் தெரிந்துகொள்வது? லைசென்ஸை விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் விரல்.

நான் வளர்ந்த ஊரிலும் இரண்டு அண்டி ஆபீஸ்கள் இருந்தன. பக்கத்து வீட்டுச் சித்தி ஒருவர் முப்பது வருஷம் கொட்டை உடைத்தவர். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்து உரிந்து ரேகையே தெரியாது. சோற்றில் சூடான குழம்பை ஊற்றினால் உடனே கைவைக்க மாட்டார், ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்பார். விரல் என்பது இந்த வேலையில் இருக்கும் பெண்ணுக்குக் கூலி. பீலிங்கில் தோலை உரிப்பதும், தரம் பிரிப்பதும் அந்த நுனியால்தான். உங்களிடம் வேலை செய்பவருக்கு அந்த நுனிதான் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது நல்ல காரியம், ஆனால் அதோடு உங்கள் பொறுப்பு தீரவில்லை.

பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. பீஸ் ரேட் கூலிக்கும் அதே கணக்குதான். வேலைக்காயத்துக்கான உதவித்தொகைக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. வேலைக்கு வர முடியாமல் இருந்த மூன்று வாரத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவில் தற்காலிக ஊன உதவி கிடைக்க வேண்டும். நுனி போனது நிரந்தர இழப்பு, அதற்கு மருத்துவக் குழு பார்த்து சதவீதம் நிர்ணயித்தால் அதன்படி வாழ்நாளுக்கும் ஒரு தொகை வரும். நீங்கள் பெயர் சேர்க்காத குறையால் அவருடைய உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம். அதனால் இந்த வாரமே அவருடைய பெயரைச் சேர்த்து, நான்கு மாதத்துச் சந்தாவை வட்டியோடு கட்டி, விபத்து அறிக்கையையும் கொடுங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியை மட்டும் முன்பின்னாக மாற்றி எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த வழக்குகளில் முதலாளி வசமாக மாட்டியது பெரும்பாலும் விபத்தால் அல்ல, திருத்திய ரிஜிஸ்டரால்.

சரி, இப்போது 20 பேர் கணக்கு. உங்கள் தம்பி சொன்ன எண் தப்பில்லை. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்சாரம் உள்ள இடம் என்றால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை. அந்தச் சட்டத்தையும் வேறு 12 சட்டங்களையும் ஒன்றாக்கி வந்த 2020-ஆம் வருஷத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு அந்த எண்களை 20, 40 என்று உயர்த்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் அந்த வரையறையை முழுதாகப் படித்திருந்தால் தம்பி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இன்று 20 பேர் வேலை செய்தால் மட்டும் அல்ல, கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 20 பேர் வேலை செய்திருந்தாலும் அது தொழிற்சாலைதான். தீபாவளிக்கு முன்னால் உங்களிடம் 14-ம் ஏழும் 21 பேர். அந்த ஏழு பேரும் ஒரே நாளில் உங்கள் கூரைக்கடியில் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால், பழைய சட்டப்படியும் புதிய சட்டப்படியும் நீங்கள் தொழிற்சாலை நடத்துகிறவர். தினக்கூலி, காண்டிராக்டர் அனுப்பிய ஆள் என்று யாரையும் கழிக்க முடியாது. வருகைப் பதிவேட்டை எடுத்து அந்த மாதத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன், கிழிக்கச் சொல்லவில்லை. லைசென்ஸைப் புதுப்பியுங்கள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஏழு பேரைக் கூப்பிடாமல் 14 பேரோடு நிறுத்திக்கொண்டால்? அப்போதும் தம்பி நினைக்கிற விடுதலை கிடையாது. புதிய தொகுப்பில் தொழிற்சாலை என்பது ஒரு சொல், நிறுவனம் என்பது அதைவிடப் பெரிய சொல். தொழிலோ வியாபாரமோ உற்பத்தியோ நடந்து, 10 பேர் வேலை செய்தால் அது நிறுவனம். பதிவுக்கான அத்தியாயத்துக்கென்று வரையறையிலேயே இதைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்: தொழிற்சாலைக்கு எந்த எண் இருந்தாலும் சரி, 10 பேர் இருந்தால் பதிவு வேண்டும். முதலாளியின் கடமைகளும் நிறுவனம் என்ற சொல்லோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. காயமோ தொழில்நோயோ உண்டாக்கக்கூடிய ஆபத்து இல்லாமல் வேலையிடத்தை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிவித்திருக்கிறது, உங்கள் இடத்தில் அந்த வயதுக்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு ஆள் இருக்கிற இடத்துக்கும் இந்தத் தொகுப்பு வரும்.

விபத்தைச் சொல்ல வேண்டாம் என்பது இதைவிட மோசமான ஆலோசனை. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் அறிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. உங்கள் ஆள் மூன்று வாரம் வரவில்லை. தாமதமாகிவிட்டது, உண்மைதான். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் நம் மாவட்டத்துக்குரிய அலுவலகத்துக்கு இப்போதாவது அனுப்புங்கள், ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். உடலில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போனால் சட்டம் அதைக் கடுமையான காயம் என்கிறது. முதலாளி கடமையைச் செய்யாததால் அது நடந்தது என்று நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். புதிய தொகுப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் காயம்பட்டவருக்கோ இறந்தவரின் வாரிசுக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அபராதம் முழுவதும் அரசு கஜானாவுக்குப் போய், விரல் போனவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்தவள் நான்.

இனி மெஷின். கடிதத்தில் விபத்து எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நடப்பது இப்படித்தான்: கொட்டை சாய்வாக விழுந்து பிளேடுக்கு முன்னால் சிக்கிக்கொள்ளும். கிலோ கணக்கில் கூலி என்பதால் மோட்டாரை நிறுத்தப் போகிற அந்த அரை நிமிஷம் கூட நஷ்டம். ஓடுகிற மெஷினிலேயே விரலால் தட்டிவிடுவார்கள். நூறு தடவை ஒன்றும் ஆகாது. கவனமாக இருக்கச் சொல்லியிருந்தேனே என்று நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. பிளேடுக்கு மூடி இருந்ததா, கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துகிற சுவிட்ச் இருந்ததா, சிக்கியதை எடுக்கக் குச்சி கொடுத்தீர்களா, சிக்கினால் எப்படி எடுப்பது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார், என்றைக்கு? இந்தக் கேள்விகள்தான் வரும். உங்கள் மூன்று மெஷினிலும் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுழலுகிற பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை போடக்கூடாது, அதுவே விரலை உள்ளே இழுத்துவிடும். ஓட்டையும் பருப்பையும் பிரிக்கிற இடத்தில்தான் அது வேண்டும். அங்கேயும் சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்துவிடும், நைட்ரைல் கையுறை தாங்கும். இதன் விலையைக் கூலியில் பிடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பிடிக்கக்கூடாது. பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும், மருத்துவப் பரிசோதனை உட்பட, தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ரசாயனம் பட்டு வருகிற தோல் அழற்சி, அறிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அண்டி ஆபீஸ் என்றால் கை பொள்ளத்தான் செய்யும் என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொள்வது பாட்டி காலத்து வைத்தியம், அதைக் காட்டி முதலாளி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது.

சட்டம் அடிக்கடி மாறுகிறது என்ற உங்கள் கவலை நியாயமானது, எங்களுக்கே படித்துத் தீரவில்லை. ஆனால் குழப்பத்தில் பாதி எங்கிருந்து வருகிறது என்றால், நிறைவேறிய சட்டத்தையும் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் ஒன்றாக நினைப்பதிலிருந்து. இதே தொகுப்பு 2020 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அன்றைக்கே மாறிவிட்டது என்று செய்தி பரவியது. நடைமுறைக்கு வர ஐந்து வருஷம் ஆனது, அதுவரை பழைய 10 பேர் கணக்குதான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தியைப் பார்த்து ஷிப்டை மாற்றியிருந்தால் மாற்றியவர்தான் மாட்டியிருப்பார்.

அதனால் இனி யார் வந்து சட்டம் மாறிவிட்டது என்றாலும், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எதையும் மாற்றாதீர்கள். புதிய தொகுப்போடு முரண்படாத வரை பழைய விதிகளும் பதிவுகளும் தொடரும் என்று தொகுப்பே சொல்கிறது, ஆகவே பழைய லைசென்ஸையும் ரிஜிஸ்டர்களையும் பத்திரமாக வைத்திருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. மத்திய, மாநில அரசிதழ் அறிவிப்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. அப்புறம், அதிகாரியைக் கண்டு ஒளியாதீர்கள். புதிய தொகுப்பில் அவருடைய பெயரே ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் விளக்கம் சொல்வதும் அவர் வேலைதான். சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும், வாட்ஸ்அப் செய்தி காப்பாற்றாது.

உங்கள் 14 பேருக்கும் இதில் உரிமை இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் உங்களிடம் சொல்லலாம், அதே சமயம் ஆய்வாளரிடமும் சொல்லலாம். அப்படிச் சொன்னவரை வேலையை விட்டு நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்டு வராதீர்கள். அவர் சொல்வதற்கு முன்னாலேயே நீங்கள் கேட்டுவிடுவது நல்லது. மாதத்தில் ஒரு நாள், டீ நேரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, எந்த மெஷினில் அதிகம் சிக்குகிறது என்று கேளுங்கள், அதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அந்தப் பெண்கள் உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

விரல் போன மெஷின் இப்போது ஓடுகிறதா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடித்ததும் போய் நிறுத்துங்கள். மூடி போட்ட பிறகு ஓட்டலாம்.