லாரி வரைந்த சிறுமி

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். குழந்தைகள் தங்கள் அடையாளத்தைக் கலையின் வழியாக வெளிப்படுத்தப் பழக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 'நான் யார்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பெரும்பாலானோர் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, தென்னைமரம் என்று வரைந்தார்கள். சிலர் தேசியக்கொடி வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தலைப்பே புரியாமல் லாரி வரைந்தாள். அதிலும் லாரிக்குள் இருக்கும் கூடைகளும் படுத்திருக்கும் ஓர் ஆளும் வெளியே தெரிகின்றன. ஆள் லாரியைவிட நீளம்! எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் சிலர் தெலுங்கும் கடையில் மலையாளமும் பேசுகிறவர்கள். தமிழ் அடையாளம் வர என்னென்ன சின்னங்களைச் சொல்லித்தரலாம்? திருவள்ளுவர், ஜல்லிக்கட்டுக் காளை போதுமா? முகத்துக்கு எந்த நிறம் கொடுக்கச் சொல்வது? குட்டி ஓவியன் கிளிண்டைப் போல ஒரு பிள்ளை எங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடாதா?

க.

அன்புள்ள க.,

'தலைப்பே புரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்பில் தலைப்பு புரிந்த ஒரே பிள்ளை அவள்தான். அவளிடம் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டீர்களா? லாரி யாருடையது, படுத்திருப்பவர் யார், கூடையில் இருப்பது தக்காளியா மாங்காயா, எந்த ஊருக்குப் போகிறது? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். கேட்கவில்லை. ஆனால் சின்னங்களின் பட்டியல் கேட்டு எனக்கு எழுத உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி வகுப்பில் கேட்டதை மறுநாளே செய்து பார்க்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்? நீங்கள் செய்தீர்கள், அது சரிவரவில்லை என்பதும் உங்களுக்கு உறைத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன்.

சில வாரங்களாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்க அதே இரட்டை மலை, அதே சூரியன். நாம் வாழ்வது பாலக்காட்டுக் கணவாயில். நமக்கு மலைகள் வடக்கிலும் தெற்கிலும் தள்ளி நிற்கின்றன. கிழக்கே பார்த்தால் கோவைச் சமவெளி, வெட்டவெளி. அந்த முக்கோண மலைகளைப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? கரும்பலகையில் பார்த்தார்கள். ஆசிரியர் வரைந்து காட்டினார், அவர்கள் எடுத்து எழுதினார்கள். ஒரு முறை கரும்பலகையில் மாதிரிப் படம் போட்டுவிட்டால் அந்த வகுப்பின் கைகள் அதிலிருந்து மீள வருடக்கணக்காகும். அருள்கூர்ந்து எதையும் வரைந்து காட்டாதீர்கள்.

இப்போது அந்த ஆள் லாரியைவிட நீளமாக இருப்பதற்கு வருகிறேன். எனக்கு முக்கியம் இதுதான்.

மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் அப்பா பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத் தோப்புகளில் மரம் ஏறிக் கள் இறக்கியவர். ஒருநாள் அவன் அப்பாவை வரைந்தான். உள்ளங்கை தலையைவிடப் பெரிது. விரல்களைத் தனித்தனியாக, நகத்தோடு போட்டிருந்தான். கத்தியைப் பிடிக்கும் இடத்தில் காய்த்துப்போயிருந்த தோலைப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கியிருந்தான். தென்னை அவர் இடுப்பளவுதான் இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "மரத்தைவிட மனுஷன் பெரிசா?" என்று வகுப்பே கேட்கும்படி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவனும் இரட்டை மலைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தத் தாள் இன்று கிடைத்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டுவேன்.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர், ஆஸ்திரியாவில் பிறந்தவர். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண் வேலை கற்றுக்கொடுத்தார். பிறகு அமெரிக்கா சென்று, குழந்தைகள் வரையும் விதம் வயதோடு எப்படி மாறுகிறது என்று 1947-ல் விரிவாக எழுதினார். ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது அவர் கண்டது. மனதுக்கு முக்கியமானது தாளில் பெரிதாகும், முக்கியமில்லாதது சுருங்கும் அல்லது விட்டுப்போகும். வீட்டுச் சுவர் மறைந்து உள்ளே சமைக்கும் அம்மா தெரிவாள். உங்கள் மாணவியின் லாரி இதே வகைதான். அவளுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்பது முக்கியம், தகரம் முக்கியமில்லை. அளவு தவறு என்று திருத்தினால் நீங்கள் திருத்துவது படத்தை அல்ல, யார் மேல் பிரியம் வைக்கலாம் எவ்வளவு வைக்கலாம் என்பதைத் திருத்துகிறீர்கள். அந்த உரிமை ஆசிரியருக்கு இல்லை. தாளில் அளவுகோலை வைக்காதீர்கள், அழிரப்பரைக் கொடுக்காதீர்கள், 'இன்னும் கொஞ்சம் சின்னதாக' என்று சொல்லவே சொல்லாதீர்கள். கண்பார்வைக்கு ஒத்த அளவுகள் பத்து, பன்னிரண்டு வயதில் தாமாக வரத் தொடங்கும். அப்போது கற்றுக்கொடுங்கள்.

'நான் யார்' என்பது ரமணர் கேட்ட கேள்வி. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்டால் கொடியைத்தான் வரையும். 'நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் யார் யார் எங்கே படுத்தார்கள்?', 'பள்ளிக்கு வரும் வழியில் எந்த இடத்தில் பயம்?', 'உங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாத பொருள் எது?' என்று கேளுங்கள். வரைந்து முடித்ததும் பிள்ளை சொல்வதை அது சொல்லும் மொழியிலேயே, தெலுங்கானாலும் மலையாளமானாலும் தமிழ் எழுத்தில், தாளின் பின்புறம் எழுதி வையுங்கள்.

திருவள்ளுவரையும் காளையையும் விட்டுவிடுங்கள். கேரள மாநிலம் உருவான 1956 நவம்பர் 1-க்கு முன் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு மெட்ராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடுகள் பெரியவர்களின் வழக்கு. தமிழ்வழிப் பள்ளிகளுக்காக நாம் போராட வேண்டும், நானும் போராடுகிறேன். ஆனால் அந்தப் பதாகையை எட்டு வயதுக் கையில் கொடுக்கமாட்டேன். கிளிண்ட் 1976-ல் பிறந்து, ஏழு வயது நிறையும் முன்பே ஆயிரக்கணக்கான படங்களை வரைந்துவிட்டு இறந்துபோன கொச்சிக் குழந்தை. அவனைப் போல இன்னொருவனைத் தேடும் கண்ணுக்கு மற்றப் பிள்ளைகள் தெரியமாட்டார்கள்.

முகத்தின் நிறத்துக்கு உங்கள் காலடியிலேயே பதில் இருக்கிறது. கிரயான் பெட்டியில் வெளிர் ரோஸ் குச்சிக்குத் 'தோல் நிறம்' என்று பெயர் சொல்லும் பழக்கத்தை நிறுத்துங்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் அப்படிப்பட்ட ஒரு பெயரை 1962-லேயே மாற்றிவிட்டது. கேரளத்தில் கரிசல்மண் இருப்பது சித்தூர் தாலுகாவில்தான். கரிசலையும் செம்மண்ணையும் சலித்து, தண்ணீரும் கொஞ்சம் பசையும் கலந்து கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் முழங்கையை ஒட்டி வைத்துப் பார்த்து, தன் நிறம் வரும்வரை குழைக்கட்டும்.

சின்னம் இல்லாமல் முடியாது என்றால் ஒன்று சொல்கிறேன். நம் மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பத்ரகாளிக்காக நடத்தப்படுவது. திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்குகள். மலையாள நாட்டுக் கோயிலில், புலவர்கள் பாடுவது கம்பனின் தமிழ்ப் பாட்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் அவரவர் வீட்டு ஆட்களைப் பாவையாக வெட்டட்டும். வாயே திறக்காத பிள்ளை திரைக்குப் பின்னால் நின்றால் பாட்டி குரலில் பேசும், நான் பார்த்திருக்கிறேன். பழைய காலண்டர் அட்டை, ஈர்க்குச்சி, ஒரு வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு பல்பு, இவ்வளவும் போதும். அட்டையில் கண்ணுக்கும் நகைக்கும் ஆணியால் துளை போடும்போது அடியில் பழைய ரப்பர் செருப்பை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விரலில் குத்தாது.

அன்புடன்.