கன்டெய்னர் டிரெய்லர் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஹார்பர் டிரெய்லர் ஓட்டுனவன், இப்போ புது டிரைவருங்களுக்கு கத்துக்கொடுக்கறேன். நம்ம வடசென்னை ரோட்ல இந்த வண்டிங்களால வர்ற ஆபத்து பத்தி கேளுங்க.

எர்ணாவூர்: அண்ணா, டிரெய்லர் திரும்பும்போது பின்பக்கம் ஏன் நம்ம மேலயே வருது?

முன்சக்கரம் போற வழியில பின்சக்கரம் போகாது, உள்பக்கமா வெட்டும். 40 அடி பெட்டின்னா அதுவே 12 மீட்டருக்கு மேல, முன்னாடி இன்ஜினும் டிரைவர் கேபினும் இருக்கற ஹெட்டு வேற. அதனால லெஃப்ட் திரும்ப டிரைவர் முதல்ல ரைட்ல ஒதுங்கித்தான் ஆகணும், பின்னாடி வர்ற பைக்காரர் வழி கிடைச்சிச்சுன்னு அந்த சந்துல நுழைஞ்சிடறாரு. ஹெட்டு மடங்கினதும் லெஃப்ட் கண்ணாடி முழுக்க பெட்டிதான் தெரியும், பின்சக்கரம் தெரியாது. டிரெய்லருக்கு லெஃப்ட்ல போகாதீங்க.

காசிமேடு: ஓவர்லோடுக்கு ஃபைன் எவ்ளோ?

20,000 ரூபா, அதுக்கு மேல கூடுதல் டன் ஒண்ணுக்கு 2,000. 2019 சட்டத் திருத்தம்.

தண்டையார்பேட்டை: வண்டி போனா வீட்டு சுவரே அதிருது, விரிசல் விடுமா?

கட்டடம் எனக்கு தெரியாதும்மா, சிவில் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுங்க.

மணலி: ரெண்டு லாரி லோட ஒரு டிரெய்லர் எடுத்துட்டு போகுது, ட்ராஃபிக் குறையுதே?

ஹைவேல சரி. ஆக்ஸில், அதாவது சக்கரம் மாட்டற அச்சு, எண்ணிக்கை கூடினா பாரம் பிரிஞ்சு இறங்கும். ஆனா 2018ல நாலு டயர் இருக்கற சிங்கிள் ஆக்ஸில் தாங்கலாம்ங்கற பார லிமிட்ட 10.2 டன்லேர்ந்து 11.5 ஆக்கினாங்க. ஆக்ஸில் பாரம் ரெண்டு மடங்கானா ரோட்டு சேதம் 16 மடங்குன்னு இன்ஜினியருங்க கணக்கு. அப்படி பாத்தா இந்த 1.3 டன்னுக்கே சேதம் சுமார் 60 சதவீதம் ஏறுது. ரோடு குழியாகுது, குழிக்கு ஒதுங்கற பைக்காரர் டிரெய்லர் பக்கம் வந்து மாட்டறாரு.

மணலி: அப்போ தப்பு ரோடு மேல, வண்டி மேல இல்ல.

திருவொற்றியூர் டிரைவர்: எங்க மேலயும் இல்லண்ணே, ஹார்பர் க்யூல ராத்திரி பூரா தூங்காம நின்னுட்டு வர்றோம்.

தம்பி சொல்றது உண்மை, தூங்காதவன் கையில வண்டிய குடுத்து அனுப்பறவங்களத்தான் முதல்ல கேக்கணும். ஆனா மணலி சார், புது ரோடு போட்டாலும் லோடோட சேத்து 55 டன் வரைக்கும் எடை வர்ற வண்டியும் ஸ்கூல் புள்ள சைக்கிளும் ஒரே தார்ல ஒட்டி ஒட்டி போனா ஆபத்து போயிடுமா? திடீர்னு பிரேக் அடிச்சா அவ்ளோ எடை உடனே நிக்காது சார், ஏர் பிரேக்ல காத்து பின்சக்கரம் வரைக்கும் போய் சேரவே நேரம் எடுக்கும். கத்திவாக்கம் ஹை ரோடு ஓரமா வீடு, கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் இருக்கு. கன்டெய்னருக்கு தனி வழி குடுக்காம இது தீராது.

ராயபுரம்: லெஃப்ட்ல நல்லா கேப் இருந்தா போலாமா?

போகாதீங்க.

கொருக்குப்பேட்டை: டிரெய்லர் மெதுவா போனா லெஃப்ட்ல போலாம்ல?

மெதுவா திரும்பும்போதுதான் பின்சக்கரம் ஏறுது. எர்ணாவூர் கேள்விக்கு எழுதினத படிங்க, இனிமே இதுக்கு பதில் சொல்ல மாட்டேன்.

விம்கோ நகர்: பொண்ணு ஸ்கூட்டில காலேஜ் போறா அண்ணா, சிக்னல்ல டிரெய்லருக்கு முன்னாடி நிக்கலாமா?

வேணாம்மா. டிரைவர் உயரத்துல உக்காந்திருக்காரு, மூக்குக்கு ஒட்டி நிக்கற ஸ்கூட்டி அவருக்கு தெரியாது. நாலஞ்சு வண்டி தள்ளி பின்னாடியே நிக்க சொல்லுங்க, காலேஜுக்கு லேட்டானா பரவால்ல.

புழல்: பெட்டி கழண்டு விழுமா?

நாலு மூலை லாக்கும் போட்டிருந்தா விழாது. போடாம கிளம்பற வண்டிங்க இருக்கு, வளைவுல பெட்டி சாயும். சைடுல சக்கரத்துக்கு நடுவுல இருக்கற கம்பியையும் பாருங்க, பைக்காரர் அடியில போகாம தடுக்கறது அதுதான், சட்டப்படி இருக்கணும். கம்பி இல்லாம ஓடற வண்டிய பாத்தா நம்பர் குறிச்சு ட்ராஃபிக் போலீஸ்ல சொல்லுங்க.