வாசகர் கேள்வி பதில்: எட்டு ஆட்டங்களில் ஒரு பருவம்

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் படிக்கும் என் அண்ணன், தன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டங்களைப் படம்பிடித்து அனுப்புகிறார். தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறார்கள். கால்பந்திலேயே வளர்ந்த எங்கள் கடற்கரைப் பையன்களுக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. இது அமெரிக்கர்கள் ஆடும் ஆட்டம்தானா?
கல்லூரி மாணவர், தூத்தூர்

பதில்: அமெரிக்க ஆட்டத்துக்கு நெருங்கிய உறவுதான் என்றாலும், விதிகளாலும் மைதானத்தாலும் இது தனி ஆட்டம். அமெரிக்காவில் அணிக்கு 11 பேர், கனடாவில் 12 பேர். ஆடுகளம் 110 கெஜம் நீளமும் 65 கெஜம் அகலமும் கொண்டது. இரு முனைகளிலும் தலா 20 கெஜத்துக்கு எண்ட் சோன் என்ற பகுதி உண்டு. அனைத்தையும் சேர்த்தால் நீளம் ஏறத்தாழ 137 மீட்டர் வருகிறது. நீங்கள் பழகிய கால்பந்து மைதானம் பொதுவாக 105 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே ஓட வேண்டிய தூரம் விளங்கும்.

ஆட்டத்தின் உயிர் ‘டவுன்’ என்ற விதியில் இருக்கிறது. பந்தை வைத்திருக்கும் அணி, 10 கெஜம் முன்னேறுவதற்கு அமெரிக்காவில் நான்கு வாய்ப்புகளைப் பெறும்; கனடாவில் மூன்றுதான். முதல் இரண்டு வாய்ப்புகளில் முன்னேற முடியாவிட்டால், மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆகவே ஒரு முயற்சியையும் வீணாக்க முடியாது; நிதானமாக ஓடி ஓடி இடம் பிடிப்பதைவிட, குவார்ட்டர்பேக் என்ற தலைமை ஆட்டக்காரர் பந்தைத் தொலைவுக்கு எறிந்து கூட்டாளியின் கையில் சேர்ப்பதே அதிகம். பந்துடன் எண்ட் சோனை அடைந்தால் டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள். எதிரணியின் எண்ட் சோனுக்குள் உதைத்த பந்தை அவர்களால் வெளியே கொண்டுவர முடியாமல் போனால், உதைத்த அணிக்கு ‘ரூஜ்’ என்ற ஒரு புள்ளி கிடைக்கும். அமெரிக்க ஆட்டத்தில் இல்லாத இந்த ஒற்றைப் புள்ளிக்காகக் கடைசி நிமிடத்தில் இரு அணிகளும் மாறி மாறிப் பந்தை உதைத்துக்கொள்ளும் காட்சியைப் பார்க்க நேர்ந்தால், தவறவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஓர் அணி பருவம் முழுவதற்கும் எட்டு ஆட்டங்கள்தான் ஆடுகிறது என்று படித்தேன். எங்கள் மாணவர்கள் ஒரே வாரத்தில் மூன்று நான்கு ஆட்டங்கள்கூட ஆடிவிடுகிறார்கள். இவ்வளவு குறைவான ஆட்டங்களை வைத்து யார் சிறந்த அணி என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
உடற்கல்வி ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: மோதலே அடிப்படையாக உள்ள ஆட்டம் என்பதால், ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உடல் தேற ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். மறுபுறம், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் பருவத்தை நவம்பர் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு பனி மூடிவிடும், பருவத் தேர்வும் வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு ஆட்டங்களும் அவற்றைத் தொடரும் வெளியேற்றச் சுற்றுகளும்தான் அடங்கும்.

நாடு அகலமானது, அணிகளோ 27தான். ஆகவே நான்கு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்டாரியோவில் 11 அணிகள், மேற்கு மாகாணங்களில் 6, கியூபெக் வட்டாரத்தில் 5, அட்லாண்டிக் வட்டாரத்தில் 5. கியூபெக் மாகாணத்துக்குள் இருக்கும் பிஷப்ஸ் பல்கலைக்கழகம், 2017 முதல் அட்லாண்டிக் வட்டாரத்தில் ஆடிவருகிறது. ஒன்டாரியோ வெற்றியாளருக்கு யேட்ஸ் கோப்பை, கியூபெக்கில் டன்ஸ்மோர் கோப்பை, மேற்கில் ஹார்டி கோப்பை, அட்லாண்டிக்கில் லோனி பௌல். இந்நால்வரும் யூடெக் பௌல், மிட்செல் பௌல் என்ற இரு அரையிறுதிகளில் மோதுகிறார்கள். அவற்றில் வெல்பவர்கள் வானியர் கோப்பைக்காக ஆடுகிறார்கள். வெளியேற்றச் சுற்று தொடங்கிவிட்டால் ஒரு தோல்வியோடு பருவம் முடிந்தது. இரண்டாம் வாய்ப்பு, புள்ளிக் கணக்கு, எதுவும் கிடையாது.

இதன் கடுமையை 2024ஆம் ஆண்டுப் பருவம் நன்றாகக் காட்டும். வாட்டர்லூ நகரத்தின் லாரியர் பல்கலைக்கழக அணி தன் எட்டு ஆட்டங்களிலும் வென்றது. யேட்ஸ் கோப்பையை வென்றது. அரையிறுதியில் பிஷப்ஸை வென்றது. அதன் குவார்ட்டர்பேக் டெய்லர் எல்கர்ஸ்மா, நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்குரிய ஹெக் கிரைட்டன் விருதையும் பெற்றார். நவம்பரில் கிங்ஸ்டன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் லாவல் அணி 22–17 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. பருவம் முழுதும் தோற்காத அணிக்கு அந்த ஒரே தோல்வி இறுதியாட்டத்தில் வந்தது. இது நியாயமா என்று தாங்கள் கேட்கலாம். நியாயம்தான் என்பது என் கருத்து. அந்த ஒரு நாளுக்குத் தயாராவதையும் சேர்த்ததுதான் பருவம்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறான். பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டதால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். கனடாவில் மாணவர்கள் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறார்களாமே, அது எப்படி முடிகிறது?
இல்லத்தரசி, தக்கலை

பதில்: அம்மா, உங்கள் கேள்வி நம் மாவட்டத்துப் பல வீடுகளின் கேள்வி. நன்றாக ஆடும் பையன் ஒன்று ஆட்டத்தைக் கைவிடுகிறான், இல்லையேல் படிப்பைக் கைவிடுகிறான். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கனடாவில் விதிகளே அந்த இழப்பைத் தடுக்கும்படி அமைந்திருக்கின்றன. பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் ‘யூ ஸ்போர்ட்ஸ்’ அமைப்பின்படி, ஆட்டக்காரர் உண்மையான மாணவராகப் பாடங்களில் பதிவுசெய்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டில் குறிப்பிட்ட அளவு பாடங்களில் தேறியிருக்கவும் வேண்டும். ஒருவர் அதிகபட்சம் ஐந்து பருவங்கள் ஆடலாம். விளையாட்டுக்காகத் தரும் உதவித்தொகைக்கும் வரம்பு உண்டு: கல்விக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் மட்டுமே. அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களைப் போலத் தங்குமிடம், உணவு என்று எல்லாவற்றையும் அளித்து ஆட்டக்காரரைத் தனி உலகத்தில் வைப்பதில்லை. இதனால் சில திறமைசாலிகள் எல்லை தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இருப்பவர்கள் சக மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அதே தேர்வை எழுதுகிறார்கள்.

லோரான் டுவெர்னே-டார்டிஃப் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் ஆடியவர். 2014இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் கான்சஸ் சிட்டி அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆடிக்கொண்டிருந்தபோதே படிப்பைத் தொடர்ந்து, 2018இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 2020 பிப்ரவரியில் அந்த லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் வென்ற அணியில் இருந்தார். சில வாரங்களில் கொரோனா பரவியது. அடுத்த பருவத்தின் ஆட்டத்தையும் அதற்குரிய பெரும் ஊதியத்தையும் விட்டுவிட்டு, மான்ட்ரியால் அருகே முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணியாற்றினார். எல்லோராலும் இவரைப் போல் ஆக முடியாது; உங்கள் மகனும் ஆக வேண்டியதில்லை. ஆனால் மருத்துவப் படிப்பையே ஆட்டத்தோடு சேர்த்து முடிக்க முடிந்தது என்றால், பன்னிரண்டாம் வகுப்புக்காக மாலையில் ஒரு மணி நேர ஆட்டத்தை முற்றிலும் நிறுத்தச் சொல்வது தேவையற்றது. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்கள் குறைத்துக்கொள்ளட்டும், போதும்.

கேள்வி: இந்த ஆட்டத்தைக் கனடா அமெரிக்காவிடமிருந்து கற்றதா?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: வரலாறு பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. 1861 நவம்பரில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆட்டமே கனடாவில் பதிவான முதல் ஆட்டம். 1874 மே மாதம் மெக்கில் மாணவர்கள் ஹார்வர்டுக்குச் சென்று ஆடியபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி முறை அங்கிருந்தவர்களைக் கவர்ந்தது. அமெரிக்கக் கல்லூரிகள் உதைக்கும் ஆட்டத்தை விட்டு அதன் பக்கம் திரும்ப அதுவும் ஒரு காரணம். யேட்ஸ் கோப்பை 1898 முதல் வழங்கப்படுகிறது. தலைமை ஆளுநர் ஜார்ஜ் வானியரின் பெயரில் உள்ள வானியர் கோப்பை 1965இல்தான் தொடங்கியது.

கேள்வி: வலிமையான அணி எது, பலவீனமான அணி எது?
மீன் ஏற்றுமதி நிறுவன ஊழியர், குளச்சல்

பதில்: வலிமைக்கு லாவல். கியூபெக் நகரத்தின் இந்த அணி 1996இல்தான் உருவானது. மூன்றே ஆண்டுகளில் வானியர் கோப்பையை வென்று, 2024 வரை 12 முறை வென்றிருக்கிறது. வேறெந்தப் பல்கலைக்கழகமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

பலவீனம் என்ற சொல்லை எந்த அணிக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் டொராண்டோ பல்கலைக்கழக அணியைப் பற்றிச் சொல்கிறேன். முதல் வானியர் கோப்பையை வென்றதே அதுதான், 1993இலும் வென்றது. அதே அணி 2001 முதல் 2008 வரை தொடர்ந்து 49 ஆட்டங்களில் தோற்றது. அந்தக் காலத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்து, ஒரு வெற்றியும் காணாமலே பட்டம் பெற்று வெளியேறியவர்கள் இருந்திருப்பார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் பயிற்சிக்கு வந்து, குளிரில் அடிபட்டு, மறுவாரம் மறுபடியும் களமிறங்கிய அவர்களை நான் கோப்பை வென்றவர்களுக்குக் குறைவாக எண்ணுவதில்லை. 2008 செப்டம்பர் முதல் தேதியன்று வாட்டர்லூ பல்கலைக்கழக அணியை 18–17 என்று வென்று அந்தத் தொடர் முடிந்தது. வித்தியாசம் ஒரே புள்ளி.

கேள்வி: நம் ஊரிலிருந்து நேரலையில் பார்ப்பதென்றால் எத்தனை மணிக்கு விழித்திருக்க வேண்டும்?
விடுதி வரவேற்பாளர், கன்னியாகுமரி

பதில்: பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. டொராண்டோ, மான்ட்ரியால் பக்கம் பிற்பகல் 1 மணி ஆட்டம் செப்டம்பர், அக்டோபரில் நமக்கு இரவு 10:30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்திவிடுவார்கள். அதன்பின் அதே ஆட்டம் நமக்கு இரவு 11:30. வான்கூவரில் செப்டம்பர் மாதப் பிற்பகல் 1 மணி என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை 1:30 ஆகிவிடும். வேலைக்கு இடையில் ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் தூக்கத்தை விட முடியும் என்றால், வானியர் கோப்பையைவிட நவம்பரில் நடக்கும் டன்ஸ்மோர் கோப்பை இறுதியைப் பாருங்கள். லாவலும் மான்ட்ரியால் பல்கலைக்கழகமும் மோதும் ஆண்டாக அது அமைந்தால், நாட்டின் மிகச் சிறந்த இரண்டு அணிகளை ஒரே மைதானத்தில் காண்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைப்பது அரிது.