திரையில் பார்த்த பிறகும் ஏன் தகராறு? விஏஆர் பற்றி வாசகர் கேள்விகள்

கால்பந்தில் தனி அறையில் திரையைப் பார்த்து நடுவருக்கு உதவும் வீடியோ நடுவர் முறை, அதாவது விஏஆர் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் கோபமாகத்தான் இருக்கின்றன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பல வருடம் உதவி நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவன் நான். தவறான முடிவு சொல்லிவிட்டு வந்த இரவுகளில் தூக்கம் வராது. இந்த முறை உருப்பட வேண்டும் என்ற ஆசையோடுதான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இல்லாத ஃபவுலுக்கு எதிரணிக்கு ஃப்ரீகிக் கொடுத்தார்கள். அதிலேயே கோல் விழுந்தது. திரையைப் பார்க்க ஆள் இருந்தும் ஏன் தடுக்கவில்லை?

அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. 2018 மார்ச்சில் விஏஆர் விதிப்புத்தகத்தில் ஏறியபோது நான்கு விஷயங்களைத்தான் அதனிடம் ஒப்படைத்தார்கள்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிக் காட்டிய அட்டை. கோலைச் சரிபார்க்கும்போது அந்தத் தாக்குதல் தொடங்கிய இடம் வரைதான் பின்னால் போவார்கள். உங்கள் விஷயத்தில் ஃப்ரீகிக்கை உதைத்த நொடிதான் தொடக்கம். அதைக் கொடுத்தது சரியா என்பது அதற்கு முந்தைய சங்கதி. வலிக்கத்தான் செய்யும். ஆனால் நடுக்களத்து உரசல் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தால் ஆட்டமே மிஞ்சாது.

கேள்வி: தோள்பட்டை ஒரு செ.மீ. முன்னால் இருந்தது என்று கோலை ரத்து செய்கிறார்கள். அவ்வளவு துல்லியமாக உண்மையிலேயே அளக்க முடியுமா?

ரொம்ப நல்ல கேள்வி. சக வீரர் பந்தை உதைக்கும் நொடியில் ஃபார்வர்டு, கோல்கீப்பர் தவிர்த்த கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 0.02 நொடி. முழு வேகத்தில் ஓடும் ஃபார்வர்டு நொடிக்கு 8 மீட்டர் ஓடினால், அந்த இடைவெளியில் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். அதே நேரத்தில் டிஃபெண்டர் எதிர்த்திசையில் மேலேறி வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆக, பந்து காலை விட்ட நொடி எந்தப் படத்தில் இருக்கிறது என்று ஆள் கண்ணால் பார்த்து முடிவு செய்தவரை, ஒரு செ.மீ. ஆஃப்சைடு என்று அடித்துச் சொன்னதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2021-22 சீசனில் ஃபார்வர்டுக்கும் டிஃபெண்டருக்கும் திரையில் போடும் கோடுகளைத் தடிமனாக்கி, இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஃபார்வர்டுக்குச் சாதகம் என்று மாற்றியது. அது நேர்மையான முடிவு.

2022 கத்தார் உலகக்கோப்பையில் நிலைமை மாறியது. மைதானக் கூரையின் கீழ் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. அதைவிட முக்கியம், பந்துக்குள்ளேயே ஒரு சென்சார் இருந்து நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. உதைத்த நொடி எது என்ற பழைய சந்தேகம் பெருமளவு தீர்ந்தது அங்கேதான். முதல் ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே ஈக்வடாரின் என்னெர் வலென்சியா போட்ட கோல் இந்த முறையில் ரத்தானது. ஆஃப்சைடைப் பொறுத்தவரை இயந்திரத்தை நம்பலாம் என்பது என் முடிவு. அது இடத்தைப் பற்றிய கேள்வி, அபிப்பிராயத்துக்கு அங்கே அதிக வேலை இல்லை.

கேள்வி: கோல் விழுந்தால் துள்ளிக் குதிக்கவே பயமாக இருக்கிறது. இதற்கு வழியே இல்லையா?

2019 ஏப்ரல் 17, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மான்செஸ்டர் சிட்டி அந்த ஆட்டத்தில் 4-3 என்று முன்னிலை. ஆனாலும் இரண்டு ஆட்டங்களின் கோல்களும் சமமாக இருந்ததால், வெளியூரில் அதிகக் கோல் போட்ட டாட்டன்ஹாம்தான் அரையிறுதிக்குப் போகும் நிலை. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த நிமிடங்களில் சிட்டியின் ஸ்டெர்லிங் பந்தை வலைக்குள் தள்ளுகிறார். மைதானம் வெடிக்கிறது. சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா கோட்டோரம் துள்ளி ஓடுகிறார். அப்புறம் திரையில் அறிவிப்பு: சிட்டியின் அகுவேரோ ஆஃப்சைடு, கோல் இல்லை. கார்டியோலா அப்படியே மண்டியிட்டுச் சரிந்தார்.

முடிவு சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் ரசிகர்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது என்பதும் நிஜம். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம், முழுசாக ஒழிக்க முடியாது. குறைந்தபட்சம் என்ன நடக்கிறது என்று மைதானத்தில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும். 2023 மகளிர் உலகக்கோப்பையில் நடுவர்கள் மைக்கில் முடிவை அறிவித்தார்கள். எல்லா லீக்குகளும் அதைச் செய்ய வேண்டும். காசு கொடுத்து உள்ளே வந்தவனைவிட வீட்டில் டிவி பார்ப்பவனுக்கு அதிகம் தெரிகிறது என்றால் அது அநியாயம்.

கேள்வி: விஏஆர் இருந்தும் லிவர்பூலுக்கு அன்று அவ்வளவு பெரிய தவறு எப்படி நடந்தது?

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுடன் நடந்த ஆட்டத்தைக் கேட்கிறீர்கள். லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் கோல் போட்டார், உதவி நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். தியாஸ் ஆஃப்சைடு இல்லை, தெளிவாகவே இல்லை. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக அறையில் இருந்தவர் நினைத்துக்கொண்டார். "சரிபார்த்தாயிற்று" என்று அவர் சொன்னதை நடுவர் ஆஃப்சைடு உறுதியானதாக எடுத்துக்கொண்டார். ஃப்ரீகிக் அடிக்கப்பட்டுவிட்டது.

பிறகு வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டபோது என் வயிறு கலங்கியது. ரீப்ளே போடும் ஊழியர்தான் தவறை முதலில் உணர்ந்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் விதிப்படி எதுவும் செய்ய முடியாது என்று அறையில் சொல்லிவிடுகிறார்கள். லிவர்பூல் 1-2 என்று தோற்றது. பேசிய நாலு வார்த்தை சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. "களத்தில் ஆஃப்சைடு, நான் பார்த்ததில் கோல்" என்று முழு வாக்கியமாகச் சொல்லும் பழக்கம் வேண்டும். அந்த ஒலிப்பதிவை மறைக்காமல் வெளியிட்டதை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: ஹேண்ட்பாலை ஸ்லோமோஷனில் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்று செய்த மாதிரி தெரிகிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். அதனால்தான் வழிமுறையே ஒரு எல்லை வகுத்திருக்கிறது: பந்து எங்கே பட்டது என்று பார்க்க ஸ்லோமோஷன், ஹேண்ட்பால் குற்றமா, ஃபவுல் எவ்வளவு முரட்டுத்தனம் என்று பார்க்க சாதாரண வேகம். 2018 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதை நடுவர் பிட்டானா திரையில் பார்த்துவிட்டுத் திரும்பினார், போனவர் மறுபடியும் திரைக்கே ஓடினார். கடைசியில் பிரான்ஸுக்குப் பெனால்டி. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தொடரில் மொத்தம் 29 பெனால்டிகள், அதுவரை எந்த உலகக்கோப்பையிலும் அத்தனை இல்லை. இப்போது கோல் முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸுக்குள் டிஃபெண்டர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நின்றால் உடம்பு எப்படித் திரும்பும், எப்படிச் சமநிலை கிடைக்கும்? பாதுகாப்பு ஆட்டத்தையே இது மாற்றிவிட்டது.

கேள்வி: ஆஃப்சைடு என்று தெரிந்தும் கொடியைத் தாமதமாகத் தூக்குவது ஏன்?

கொடி தூக்கி விசில் அடித்துவிட்டால், அதன் பிறகு விழும் கோலைத் திரும்பக் கொடுக்க முடியாது. அதனால் சந்தேகமான தருணங்களில் ஆட்டத்தை ஓடவிடுகிறார்கள். ஆனால் 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வீரர் அவோனியி கோல்கம்பத்தில் மோதி வயிற்றில் பலத்த காயம் பட்டார். அந்த நகர்வில் முன்னதாகவே ஆஃப்சைடு இருந்தது, கொடி எழவில்லை. பளிச்சென்று தெரியும் ஆஃப்சைடுக்கு உடனே கொடி தூக்குங்கள் என்று உதவி நடுவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: பணமில்லாத லீக்குகளுக்கு இது எட்டாக்கனிதானா?

இல்லை. குறைந்த கேமராக்களை வைத்து ஒரு எளிய முறையை ஃபிஃபா சோதித்து வருகிறது. தனி வீடியோ அறை கிடையாது. பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இரண்டு முறை மறுபரிசீலனை கேட்கலாம், நடுவரே கோட்டோரத் திரையில் பார்த்து முடிவு சொல்வார். முடிவு மாறினால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். இதில் நடுவர்தான் கடைசிவரை பொறுப்பாளி. பெரிய லீக்குகளில் ஓடும் முறையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.