3 ஓட்டு வாங்கிய படத்துக்கு முதல் பரிசா?

10 சினிமாப் படங்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க 12 பேர் ஓட்டுப் போட்டு, வெறும் 3 ஓட்டு வாங்கிய படம் ஜெயித்தது மனசுக்கு ஒப்பவில்லை என்கிறீர்கள். நியாயம்தான், மீதி 9 பேருக்கு அது பிடிக்காத படமாகக்கூட இருக்கலாம்.

ஆஸ்கரின் இறுதி ஓட்டில் சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவிலிருந்து விருப்ப வரிசை முறைதான். நீங்களும் அதையே செய்யலாம். ஆளுக்கொரு சீட்டில் 10 படங்களையும் 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். முதலிடங்களை மட்டும் எண்ணி, மிகக் குறைவாகப் பெற்ற படத்தை நீக்குங்கள். அதன் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல், அடுத்த விருப்பத்துக்கு மாற்றுங்கள். அந்தப் படமும் ஏற்கெனவே போயிருந்தால் அதற்கடுத்தது. ஏதாவது ஒரு படம் 7 ஓட்டை, அதாவது 12இல் பாதிக்கு மேல், தொடும்வரை இப்படியே.

சிக்கல் வருவது ஒரே படத்தை எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்களால். அந்தப் படம் விழுந்ததும் அவர்கள் சீட்டும் செத்துவிடும். பத்தையும் எழுதாவிட்டாலும், குறைந்தது 5 படமாவது எழுத வையுங்கள். கடைசி இடத்தில் இரண்டு படம் சமமாக நின்றால் எதை நீக்குவது என்பதையும் எண்ணுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், தயவுசெய்து.