நாலு குளியலறைக்கு நாலு ஹீட்டரா, ஒரே பெரிய தொட்டியா?

சிங்கப்பூர் செராங்கூன் கார்டனில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்கள் தரைவீட்டைப் புதுப்பிக்கிறோம். நாங்கள் ஏழு பேர். கீழே மாமியார் அறையோடு ஒரு குளியலறை. மேல்மாடியில் ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு குளியலறைகள். ஆட்டிக் அறையில் ஒன்று, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மட்டும் பயன்படும். ஒரு குத்தகையாளர் நாலு குளியலறைக்கும் நாலு இன்ஸ்டண்ட் ஹீட்டர் போடச் சொல்கிறார். இன்னொருவர் ஆட்டிக்கில் 200 லிட்டர் தொட்டி ஒன்றே போதும் என்கிறார். கால்கரியில் இருக்கும் என் தம்பி வீட்டில் இரண்டு பாய்லர்: ஒன்று வீட்டைச் சூடாக்க, இன்னொன்று கார் பாதையின் பனியை உருக்க. ஒன்று பழுதானாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று அவன் சொல்கிறான். நாங்கள் என்ன செய்வது? வீட்டு மெயின் சுவிட்ச் 63 ஆம்ப், சிங்கிள் பேஸ். சமையலறையில் கேஸை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கப் போகிறோம்.”

மெயின் சுவிட்ச் அளவையும் அடுப்பையும் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் தம்பி வீட்டு விஷயம். அவர் செய்திருப்பது நல்ல யோசனைதான், ஆனால் அங்கே காரணம் வேறு. பனி உருக்கும் தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 500 வாட் வரை வெப்பம் வேண்டும். 60 சதுர மீட்டர் கார் பாதை என்றால் 18 முதல் 30 கிலோவாட். நன்றாகக் காப்பிட்ட புது வீட்டுக்கு உச்சக் குளிரில் தேவைப்படுவதைவிட இது பல சமயம் அதிகம். ஆனால் பனி விழும்போதும் விழுந்த பிறகு சில மணி நேரமும்தான் அது ஓடும். அந்தக் குழாயில் உறையாமல் இருக்க கிளைகால் என்னும் திரவம் கலந்த நீர் சுற்றும், வீட்டுக் குழாயில் சாதாரணத் தண்ணீர் சுற்றும். இரண்டும் கலக்கக் கூடாது. எப்போதாவது வரும் பெரிய சுமையையும் தினமும் வரும் சின்னச் சுமையையும் ஒரே பாய்லரில் கட்டினால், வருஷம் முழுக்க அது தன் அளவுக்குப் பொருந்தாத வேலையைச் செய்து கொண்டிருக்கும். அடிக்கடி பற்றும், அணையும், சீக்கிரம் தேயும். அதனால்தான் பிரித்து வைக்கிறார்கள். சுமைகளைத் தனித்தனியாகப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகள் நம் ஊர்க் கணக்கில்தான் வர வேண்டும்.

நம் ஊரில் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரி அளவில் வருகிறது. குளிக்க 40 டிகிரி போதும். ஏற்ற வேண்டியது 12 டிகிரிதான். இதை வைத்து முதல் குத்தகையாளரின் யோசனையைப் பார்ப்போம்.

இன்ஸ்டண்ட் ஹீட்டர் தண்ணீரைச் சேமிக்காமல், ஓடும்போதே சூடாக்கும். ஒரு 3.3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீரை 12 டிகிரி ஏற்றும். கைஷவருக்கு இது பரவாயில்லை. நீங்கள் ரெயின் ஷவர் போட்டால் அது நிமிடத்துக்கு 9, 10 லிட்டர் கேட்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் விழும். புது வீட்டில் பலர் சொல்லும் குறை இது. ஹீட்டர் மட்டம் என்று திட்டுவார்கள், ஹீட்டரில் பழுதே இருக்காது. அடுத்தது மின்சாரம். நாலு ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் 13.2 கிலோவாட், 230 வோல்ட்டில் 57 ஆம்ப். உங்கள் மொத்த மெயினே 63. அதே நேரத்தில் ஏர்கானும் 7 கிலோவாட் அடுப்பும் ஓடினால் மெயின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கடி: அங்கே மெயின் பெரும்பாலும் 40 ஆம்ப், 1994க்கு முன் கட்டிய பிளாக்குகள் பலவற்றில் 30 ஆம்ப்தான். மூன்று ஹீட்டர் ஒன்றாக ஓடினாலே 43 ஆம்ப் வந்துவிடும்.

சரி, ஆட்டிக்கில் ஒரே பெரிய தொட்டி? மின்சாரம் பிரச்சினை இல்லை, ஷவரும் நன்றாக வரும். சிக்கல் குழாயில். அங்கிருந்து கீழே மாமியார் குளியலறைக்கு 22 மில்லிமீட்டர் குழாயில் 15 மீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் மட்டும் சுமார் 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது முழுதும் ஆறிப்போன தண்ணீர். ஒவ்வொரு முறையும் அவர் அதை வெளியே விட்டு, முக்கால் நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் சுடுநீரைப் பார்ப்பார். குளித்து முடித்ததும் குழாயில் மிச்சமிருக்கும் சுடுநீர் வீணாக ஆறும். சுடுநீரைக் குழாயில் சுற்றவிடும் சுழற்சி பம்ப் வைத்தால் காத்திருக்க வேண்டாம், ஆனால் குழாய் நாள் முழுக்க வெப்பத்தைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் 250 கிலோ அளவுக்கு வரும். பழைய தரைவீட்டு ஆட்டிக் தளம் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஏற்றக் கூடாது.

அப்புறம், அந்த ஒரு தொட்டி பழுதானால் ஏழு பேருக்கும் சேர்ந்து போய்விடும். தம்பி சொன்னது இந்த இடத்தில் பொருந்துகிறது.

நான் சொல்வது மூன்று ஹீட்டர், ஒவ்வொன்றும் வேறு அளவில். மேல்மாடி இரண்டு குளியலறைக்கும் பொதுவாக 50 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் ஒன்று, அதாவது சுடுநீரைத் தொட்டியில் சேமித்து வைப்பது. ஒரே சுவரின் இரு பக்கமும் குளியலறைகள் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், குழாய் ஓட்டம் இரண்டு மூன்று மீட்டரில் முடிந்துவிடும். மாமியாருக்குத் தனியாக 25 லிட்டர். ஆட்டிக்குக்கு இன்ஸ்டண்ட் ஹீட்டர், கைஷவரோடு. மாதக்கணக்கில் யாரும் பயன்படுத்தாத குளியலறையில் வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. 20 முதல் 45 டிகிரியில் தேங்கும் நீரில் லெஜனெல்லா கிருமி வளரும். இன்ஸ்டண்டில் சேமித்த நீர் கிடையாது. இருந்தாலும் விருந்தினர் வருவதற்கு முன் அந்தக் குழாயைச் சில நிமிடம் திறந்து விடுங்கள்.

50 லிட்டர் ஆறு பேருக்குப் போதுமா என்று கேட்பீர்கள். 60 டிகிரி சுடுநீரில் குளிர்நீர் கலந்துதான் குளிக்கிறோம். அந்தத் தொட்டி குறைந்தது 105 லிட்டர் குளிக்கும் நீர் தரும். 3 கிலோவாட் சுருள் ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்கு மேல் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் சேரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவரில் எட்டு நிமிடம் குளித்தால் ஒருவருக்கு 48 லிட்டர். பள்ளிக்கூட நாள் காலையில் இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் இருவர், பத்து நிமிடம் விட்டு அடுத்த இருவர் என்று போனாலும் தொட்டி தாங்கும். இரண்டிலும் ரெயின் ஷவர் போட்டால் தாங்காது. ஷவர் தலையை வாங்கும்போது அதன் நீரோட்ட அளவைப் பார்த்து வாங்குங்கள், ஹீட்டரின் லிட்டரைவிட அதுதான் முக்கியம்.

தீபாவளி விடியற்காலையை நினைத்துப் பெரிய தொட்டி வாங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், சீயக்காய் போகத் தண்ணீரும் அதிகம் செலவாகும். ஆளுக்கு 80 லிட்டர் என்றே வைப்போம். ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் மேல்மாடித் தொட்டி 420 லிட்டர் கொடுத்துவிடும், அதாவது ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேருக்கு. ஆறாவது ஆள் பாட்டியின் குளியலறைக்கு இறங்கிப் போனால் முடிந்தது. ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கப் பெரிய தொட்டியைச் சூடாக வைத்திருக்கத் தேவையில்லை.

மாமியாரின் ஹீட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தொட்டியைக் கிருமிக்காக 60 டிகிரியில் வைக்க வேண்டும், ஆனால் 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் தோலை வேக வைத்துவிடும். வயதானவர்களின் தோல் மெல்லியது, சூடு உறைப்பதும் தாமதமாகும், சட்டென்று நகரவும் முடியாது. ஷவருக்கு முன்னால் தெர்மோஸ்டாட்டிக் கலவை வால்வு ஒன்று வைத்து, 40 டிகிரிக்கு மேல் வராதபடி பூட்டிவிடச் சொல்லுங்கள். யாராவது சமையலறையில் குழாயைத் திறந்து குளிர்நீர் அழுத்தம் குறைந்தாலும் அது உடனே சரிசெய்துகொள்ளும். மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

இப்போது ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள எல்லோரும் பார்க்க வேண்டிய ஒன்று. தொட்டியின் குளிர்நீர்க் குழாய் நுழையும் இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை வால்வு இருக்கும், பக்கத்தில் சின்ன நெம்புகோல், அடியில் ஒரு மெல்லிய வடிகுழாய். ஹீட்டர் சூடேறும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். பலர் கசிவு என்று நினைத்து டேப் சுற்றுகிறார்கள், சிலர் மூடியே போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் 28இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது விரிகிறது. 50 லிட்டரில் அரை லிட்டருக்கு மேல் விரிவு. உள்ளே வரும் வழியில் ஒருவழி வால்வு இருப்பதால் அது திரும்பிப் போக முடியாது, அந்தச் சொட்டாகத்தான் வெளியேறும். வடிகுழாயை அடைத்துவிட்டு, என்றாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போனால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்க முடியாமல் அழுத்தத்தில் நிற்கும். தொட்டி கிழிந்த அந்த நொடியில் அதில் ஒரு பகுதி சட்டென்று நீராவியாகிச் சீறும். கூரையையே பெயர்க்கும் சக்தி அதற்கு உண்டு. வடிகுழாயைப் பொய்க்கூரைக்குள் மறைக்காமல், தரை வடிகாலுக்கு மேல் கண்ணில் படும்படி இறக்கச் சொல்லுங்கள். சொட்டு எப்போதும் நிற்காமல் வந்தால் மட்டும் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இந்தத் தொட்டிகளைப் பொருத்துவது பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் பெற்ற பிளம்பரின் வேலை. மின் இணைப்பு எரிசக்திச் சந்தை ஆணைய உரிமம் பெற்ற மின்னியலாளரின் வேலை. குத்தகையாளர் “எங்கள் ஆளே இரண்டையும் பார்த்துக்கொள்வார்” என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு ஹீட்டருக்கும் டிபி பெட்டியிலிருந்து (வீட்டு மின்பங்கீட்டுப் பெட்டி) தனி வயர் வர வேண்டும், குளியலறைக்கு வெளியே 20 ஆம்ப் இரட்டைத் துருவ சுவிட்ச் வேண்டும். மூன்று முள் பிளக்கில் ஹீட்டரைச் செருகுவது அறவே கூடாது. ஹீட்டருக்குள்ளேயே மின்கசிவுத் தடுப்பு இருக்கிறது என்பதற்காக டிபியில் உள்ள ஆர்சிசிபி என்னும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்சை விட்டுவிட முடியாது.

மூன்று ஹீட்டரும் சேர்ந்து 9.3 கிலோவாட், 40 ஆம்ப். ஸ்டோரேஜ் தொட்டிகள் சூடேறியதும் தாமாக நின்றுவிடும், தினசரி வாழ்க்கையில் 63 ஆம்ப் போதும். விருந்தினர் இருக்கும் மாலையில் அடுப்பும் ஏர்கானும் சேர்ந்தால்தான் இழுபறி. சிங்கிள் பேஸில் 100 ஆம்ப் வரை போகலாம், அதற்கு மேல் மூன்று மின்கம்பிகளில் வரும் த்ரீ பேஸ் இணைப்பு. எதுவானாலும் மின்னியலாளர் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு இந்த யோசனை வந்தால் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும், அதனால் இப்போதே முடிவு செய்யுங்கள்.

காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து விற்கப் பார்ப்பார்கள். பொருள் நல்லதுதான். நம் ஊர் வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குத் தோதானவை. சாதாரண ஹீட்டர் தின்னும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அதே வேலையைச் செய்யும். ஒரு குளியலுக்கு 0.67 யூனிட், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால், ஏழு பேருக்கு மாதம் சுமார் 42 வெள்ளி. ஹீட் பம்ப் அதில் 25 வெள்ளி வரை மிச்சம் பிடிக்கும், வருஷத்துக்கு 300 வெள்ளி. இரண்டு மூன்று இடத்தில் விலை வாங்கி, கூடுதலாகும் தொகையை 300ஆல் வகுத்துப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு மேல் வந்தால் நான் வாங்க மாட்டேன். வெளியே வைக்கும் கம்ப்ரசர் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி வருமா என்றும் பாருங்கள், ஒட்டிய வீடுகளில் அந்த இரைச்சலால் மனஸ்தாபம் வரும்.

சென்னையிலிருந்து வரும் உறவினர் யாராவது, தொட்டிக்குள் உப்பு படியும் என்று பயமுறுத்தலாம். போர் தண்ணீரில் அது உண்மை, இங்கே அவ்வளவு தொல்லை இல்லை. இங்கே பார்க்க வேண்டியது துரு. எனாமல் பூசிய இரும்புத் தொட்டியில் மெக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும், தொட்டிக்குப் பதிலாக அதுதான் அரித்துப்போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தத் தண்டை உருவி எடுக்க இடம் வேண்டுமென்பதால், பொய்க்கூரைக்குள் தொட்டியை வைக்கப் போகிறவர்கள் ஆள் கை நுழையும் அளவுக்குத் திறப்பு ஒன்றை இப்போதே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.