பனி விழாத குல்மார்க்: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். சீசன் தொடங்குவதற்கு முன் குடும்பத்தோடு சென்றுவர நினைத்து, பெங்களூருவில் உள்ள ஒரு டிராவல்ஸ் மூலம் காஷ்மீரின் குல்மார்க்கில் நான்கு நாள் பனிச்சறுக்குப் பயிற்சியும் சேர்ந்த பேக்கேஜுக்கு, 2023 அக்டோபரில் ஐந்து பேருக்கு 2,40,000 ரூபாய் கட்டினேன். பயிற்சிக்கு மட்டும் 60,000 ரூபாய் என்று ரசீதில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது. விளம்பர நோட்டீஸில் ‘ஜனவரியில் பனி உறுதி’ என்று போட்டிருந்தார்கள். 2024 ஜனவரி 17 அன்று பயணம். அதற்கு ஒரு வாரம் முன்பு, அங்கே பனியே இல்லை என்று செய்தியில் பார்த்துப் பிப்ரவரிக்கு மாற்றித் தரக் கேட்டேன். ‘கிளம்பி வாங்க சார், நீங்க இறங்குறதுக்குள்ள பனி விழுந்துடும்’ என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். போனோம், பயிற்சி ஒரு நாள்கூட நடக்கவில்லை. பணத்தைக் கேட்டால், இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல, மலை உச்சியில் பனி இருந்தது, நாங்கள் வெறும் ஏஜென்ட், எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது, வழக்கென்றால் பெங்களூருவில்தான் என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: பனி விழவில்லை என்பதற்காக எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் விழும் என்று உறுதி கூறிப் பணம் பெற்றதற்காகவும், விழவில்லை என்று நாடே அறிந்த பிறகு தேதியை மாற்றித் தராமல் உங்களைப் புறப்படச் செய்ததற்காகவும் தொடர முடியும். உங்கள் தொழிலில், பூ விட்ட நிலையில் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர், காய்ப்புக் குறையலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேசுகிறார். பிறகு குறைந்தால் தோப்புக்காரரிடம் பணம் கேட்பதில்லை. தோப்புக்காரரே இத்தனை டன் இறங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. ‘பனி உறுதி’ என்று அச்சிட்டபோது அந்த டிராவல்ஸ் எழுதிக் கொடுத்த தோப்புக்காரரின் இடத்தில் போய் நின்றுவிட்டது.

இயற்கையின் மீது பழி போடும் வாதத்தைக் கேட்டு நீங்கள் தயங்க வேண்டாம். அது உங்களுக்கே உதவக்கூடியது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 56-ஆவது பிரிவின்படி, உறுதி அளித்தவரால் தடுக்க முடியாத நிகழ்வால் ஒரு செயல் நிறைவேற்ற இயலாததாகிவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாததாகிறது. அதைச் சொல்லி அவர்கள் பொறுப்பிலிருந்து விலக முயன்றால், அடுத்து 65-ஆவது பிரிவு வந்து நிற்கிறது: செல்லாததாகிவிட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் பெற்ற பயனை அவர் திருப்பித் தந்தாக வேண்டும் அல்லது ஈடு செய்ய வேண்டும். ஆகவே பயிற்சி நடத்த முடிந்தும் நடத்தவில்லை என்றாலும், நடத்தவே இயலவில்லை என்றாலும், அந்த 60,000 ரூபாயை வைத்துக்கொள்ள அவர்களுக்கு நியாயமான காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. பயிற்சிக் கட்டணத்தை ரசீதில் தனியாகக் காட்டியது உங்கள் நல்ல காலம். மொத்தத் தொகையாக எழுதியிருந்தால் இதைப் பிரித்துக் காட்டவே பெரும்பாடு பட்டிருப்பீர்கள்.

2024 ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்தது இரகசியமல்ல. மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலைத் துறையினர் குறிப்பிடும், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்த அமைப்புகள்தாம் காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருகின்றன. அவை வலுவிழந்தால், டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் ‘சில்லை கலான்’ என்ற கடுங்குளிர்க் காலமும் வெறுமையாகவே போய்விடும். அந்த ஜனவரியில் அப்படித்தான் ஆயிற்று; காஷ்மீர் அரசியல் தலைவர் ஒமர் அப்துல்லா உட்படப் பலர் பனியில்லாத குல்மார்க்கின் படங்களை வெளியிட்டார்கள்; மாத இறுதியில்தான் பனி விழுந்தது. இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் எதிர்பார்க்கும். அதனால் உங்கள் வழக்கில் மிக வலுவான சான்று, விளம்பர நோட்டீஸைவிட அந்தக் குரல் பதிவுதான்.

உச்சியில் பனி இருந்தது என்பது உண்மையாகவே இருந்தாலும் அது விடையாகாது. புதிதாகப் பழகுவோர் சறுக்கும் சரிவு சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள குல்மார்க் புல்வெளியை ஒட்டியது; கேபிள் கார் போய்ச் சேரும் அஃபர்வாட் மலைப்பகுதி ஏறக்குறைய 3,950 மீட்டரில், தேர்ந்தவர்களுக்கான செங்குத்துச் சரிவுகளைக் கொண்டது. முதல் முறை சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டுகிறவர்களை அங்கே அனுப்புவதாக எந்தப் பயிற்றுநரும் சொல்ல மாட்டார். ஏஜென்ட் என்ற வாதத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு போதும்: யாருக்காகச் செயல்படுகிறோம் என்று பெயரைச் சொல்லாமல் ஒப்பந்தம் செய்யும் முகவரே அதற்குக் கட்டுப்பட்டவர் என்றுதான் முதலில் கருதப்படும். ரசீதில் பயிற்சிப் பள்ளியின் பெயர் உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கை நீங்கள் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தர உரிமை அளிக்கிறது. ரசீதின் கீழே உள்ள ‘பெங்களூரு நீதிமன்றங்களுக்கு உட்பட்டது’ என்ற ஒரு வரி அதைப் பறித்துவிடாது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. பணம் திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனையைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று கூறி அதை இரத்து செய்யக் கோரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே தரப்பட்டுள்ளது. ஆகவே சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம், முறையற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களின் மேல் மட்டும் மனுவை எழுதுங்கள். ஆர்வக்கோளாறில் அந்தக் கோரிக்கையையும் சேர்த்துவிட்டால் அதிகார வரம்பு பற்றிய வாதத்திலேயே மாதங்கள் கரைந்துவிடும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. விமானத்தில் பறந்தீர்கள், அறையில் தங்கினீர்கள், காரில் சுற்றினீர்கள். அவற்றுக்கான 1,80,000 ரூபாய் முழுவதும் திரும்புவது கடினம். பனிச்சறுக்குக்காகவே மேற்கொண்ட பயணம் என்று காட்ட முடிந்தால் அதில் ஒரு பகுதியை இழப்பீடாகக் கேட்கலாம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை கேளுங்கள். ஆனால் பத்து லட்சம் என்றெல்லாம் எழுதுவது மனுவின் மதிப்பைக் குறைக்கும்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள் என்பதால் 2026 ஜனவரி 17-க்கு முன்பே புகார் பதிவாகிவிட வேண்டும். முதலில் ஒப்புகையுடன் கூடிய தபாலில் பதினைந்து நாள் அவகாசம் தந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு டிராவல்ஸுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நேரிலோ நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ தாக்கல் செய்யலாம். குரல் பதிவு உள்ள கைபேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும்.

மீண்டும் போவதாக இருந்தால் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரிக்குள் தேதி வையுங்கள். அதுவும் உத்தரவாதம் அல்ல, 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனிக்குறைவால் தள்ளிப்போயின. பயிற்சிக் கட்டணத்தை அங்கே போய்ச் செலுத்துவதாகப் பேசுங்கள். அதற்கு ஒப்பாவிட்டால், தொடக்கநிலைச் சரிவில் பயிற்சி நடக்காத ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு தொகை இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்றும், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு வரை கூடுதல் கட்டணமின்றி ஒரு முறை தேதியை மாற்றலாம் என்றும் முன்பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பயணக் காப்பீட்டை நம்பினால், பனியின்மை இழப்புக் காரணமாகப் பாலிசியில் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளதா, பனிச்சறுக்கு விலக்குப் பட்டியலில் உள்ளதா என்ற இரண்டையும் படித்த பிறகே பிரீமியத்தைக் கட்டுங்கள்.